எதில் ஒட்டுவது, எதில் விலகுவது

அமெரிக்காவில் நடுத்தர அளவுள்ள ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தில் 601 ஊழியர்கள் ஐந்து ஆண்டுகளில் தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட மின்னஞ்சல்கள் 1 கோடியே 2 லட்சத்து 40 ஆயிரம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் அமீர் கோல்ட்பெர்க், பெர்க்லியின் சமீர் ஸ்ரீவஸ்தவா உள்ளிட்ட சமூகவியலாளர்களும் மொழியியலாளர்களும் சேர்ந்த ஒரு குழு இவற்றை வைத்துக்கொண்டு ஒரு பழைய கேள்விக்கு விடை தேடியது. வேலை செய்யும் இடத்தில் முன்னேறுகிறவர் யார்? எல்லோரையும்போல நடந்துகொள்கிறவரா, எல்லோரிடமிருந்தும் வேறுபட்டுத் தெரிகிறவரா? 2016இல் வெளியான அவர்களுடைய ஆய்வு இந்த இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. இருவருக்கும் நடுவே பாதிக்குப் பாதியாக இருக்கும் ஒருவரையும் காட்டவில்லை. ஒத்துப்போவதா தனித்து நிற்பதா என்று கேட்கும்போதே ஒரு கோட்டின் இரு முனைகளை மனதில் வரைந்துகொள்கிறோம்; பிறகு அந்தக் கோட்டில் எந்த இடத்தில் நிற்பது என்று கவலைப்படுகிறோம். உண்மையில் அங்கே இரண்டு கோடுகள் இருக்கின்றன. ஒன்றில் ஆழமாக ஒட்டியிருப்பவருக்குத்தான் மற்றதில் விலகி நிற்க இடம் கிடைக்கிறது. இந்த ஆய்வையும், கடந்த எழுபது ஆண்டுகளில் சமூக உளவியலில் நடந்த வேறு சில சோதனைகளையும் சேர்த்து வாசிக்கும்போது எனக்குக் கிடைக்கும் முடிவு இதுதான்.

அவர்கள் அளந்த விதத்தை முதலில் பார்த்துவிட வேண்டும். ஒருவர் தன் நிறுவனத்தின் பண்பாட்டோடு எவ்வளவு பொருந்துகிறார் என்பதை அதுவரை பெரும்பாலும் கேள்வித்தாள் கொடுத்துத்தான் கண்டறிந்தார்கள். கேள்வித்தாளில் ஆட்கள் தாங்கள் எப்படித் தெரிய வேண்டுமென்று விரும்புகிறார்களோ அப்படியே எழுதிவைப்பார்கள். மின்னஞ்சலில் அந்த எச்சரிக்கை இருப்பதில்லை. என்ன விஷயம் எழுதினார்கள் என்பதை விட்டுவிட்டு, எந்த வகைச் சொற்களில் எழுதினார்கள் என்பதை மட்டும் கணினி எண்ணியது: ‘நான்’ எவ்வளவு, ‘நாம்’ எவ்வளவு, உணர்ச்சியைக் காட்டும் சொற்கள், தயக்கத்தைக் காட்டும் சொற்கள், வசைச் சொற்கள் எவ்வளவு. ஒருவர் அனுப்பும் கடிதங்களில் இந்த வகைகள் கலந்திருக்கும் விகிதம் அவருக்கு வரும் கடிதங்களில் உள்ள விகிதத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறதோ, அவ்வளவு அவர் பண்பாட்டில் ஒட்டியவர். இது முதல் அளவு. இரண்டாவது அளவு, யார் யாருக்கு எழுதுகிறார்கள் என்பதிலிருந்து கிடைத்தது. உங்களோடு கடிதத் தொடர்பில் இருப்பவர்கள் தங்களுக்குள்ளும் தொடர்பு வைத்திருந்தால் நீங்கள் நெருக்கமான ஒரு வட்டத்துக்குள் இருக்கிறீர்கள். அவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்களாக இருந்தால், பல வட்டங்களுக்கு நடுவே நீங்கள் பாலமாக நிற்கிறீர்கள்.

இரண்டு அளவுகளையும் தனித்தனியாகப் பார்த்தபோது கிடைத்தது எதிர்பார்த்ததுதான்: பண்பாட்டில் பொருந்துவது நல்லது, ஒரே வட்டத்துக்குள் அடைந்து கிடப்பது நல்லதல்ல. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் கதை மாறியது. பாலமாக நிற்பவர்களில், மற்றவர்களின் பேச்சு நடையோடு ஒத்துப்போனவர்கள் முன்னேறினார்கள். நெருக்கமான வட்டத்துக்குள் இருந்தவர்களுக்கோ பண்பாட்டில் மாறுபட்டிருப்பது பாதகமாக இல்லை. வட்டத்தின் நெருக்கமே அவர்களைத் தாங்கியது. வட்டமும் இல்லாமல் நடையும் ஒட்டாமல் இருந்தவர்கள் வேலையிலிருந்து நீக்கப்படும் ஆபத்தில் இருந்தார்கள். இன்னொரு கூட்டமும் கவனத்துக்குரியது. நெருக்கமான வட்டத்துக்குள் இருந்துகொண்டு, நடையிலும் அச்சு அசலாக மற்றவர்களைப் போலவே இருந்தவர்கள். பாதுகாப்பாக இருப்பதாகத் தாங்களே நினைத்துக்கொண்டிருக்கக்கூடியவர்கள். அவர்களுக்கும் அந்த இரட்டை ஒட்டுதல் பெரிதாக உதவவில்லை.

ஏன் இப்படி? ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு இரண்டு விஷயங்கள் தேவைப்படுகின்றன. மற்றவர்களிடம் இல்லாத ஏதோ ஒன்று அவரிடம் இருக்க வேண்டும். அதை மற்றவர்கள் நம்பி வாங்கிக்கொள்ளவும் வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ரொனால்டு பர்ட் ஒரு பெரிய மின்னணு நிறுவனத்தின் 673 மேலாளர்களை ஆராய்ந்து 2004இல் எழுதிய கட்டுரை முதல் தேவையை விளக்குகிறது. வெவ்வேறு குழுக்களுக்கு இடையே உள்ள இடைவெளிகளில் நின்றவர்கள் சொன்ன யோசனைகளையே மேலதிகாரிகள் அதிக மதிப்புள்ளவையாகக் கருதினார்கள். இங்கே எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயம் அங்கே யாருக்கும் தெரியாது. அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவருக்கு அது புதிய யோசனையாகிவிடுகிறது. ஆனால் இப்படி ஊர் ஊராகப் போகிறவருக்கு எந்த ஊரிலும் சொந்தக்காரர்கள் இல்லை. அவரை முழுதாக அறிந்தவர்கள் யாரும் இல்லாததால், அவர் பேசும் விதம், எழுதும் விதம், நடந்துகொள்ளும் விதம் ஆகிய மேலோட்டமான அடையாளங்களை வைத்தே அவரை எடைபோடுவார்கள். அந்த அடையாளங்களில் அவர் ஒத்துப்போனால் சந்தேகம் குறைகிறது. நெருக்கமான வட்டத்துக்குள் இருப்பவரின் நிலை தலைகீழ். அவரை எல்லோரும் பல வருடமாகப் பல கோணங்களில் பார்த்திருக்கிறார்கள். அவருடைய வித்தியாசமான பேச்சு அவர்களுக்கு அச்சம் தருவதில்லை. அவர் அப்படித்தான், ஆனால் வேலையில் நம்பலாம் என்று ஏற்றுக்கொண்டிருப்பார்கள். நம்பிக்கை அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அவருக்கு வேண்டியது புதுமை, அதை அவருடைய மாறுபாடு கொடுக்கிறது.

மனித மனம் இந்த இரண்டையும் ஒருசேரக் கேட்கிறது என்பதை மெரிலின் புருவர் என்ற உளவியலாளர் 1991இலேயே ஒரு கோட்பாடாக முன்வைத்தார். ஒரு கூட்டத்தோடு சேர்ந்திருக்க வேண்டும் என்ற தேவையும், அந்தக் கூட்டத்தில் கரைந்துவிடக் கூடாது என்ற தேவையும் நமக்குள் எதிரெதிராக இயங்குகின்றன. ஒன்று நிறைந்ததும் மற்றது பசிக்கத் தொடங்குகிறது. அவர் கோட்பாட்டின் பெயரில் உள்ள ‘உகந்த அளவு’ என்ற கருத்தைப் பலர் நடுப்புள்ளி என்றே புரிந்துகொண்டார்கள். கொஞ்சம் ஒத்துப்போ, கொஞ்சம் மாறுபடு என்ற வகையிலான அறிவுரைகள் அந்தப் புரிதலில் பிறந்தவை. புருவர் சொன்னது அதைவிட நுட்பமானது. ஒரு சிறிய குழுவில் உறுதியாக உறுப்பினராக இருப்பதன் மூலமே பெரிய உலகத்திலிருந்து தனித்துத் தெரிய முடியும் என்றார் அவர். அதாவது சேர்ந்திருப்பதும் தனித்திருப்பதும் வெவ்வேறு தளங்களில் ஒரே நேரத்தில் முழுமையாக நிறைவேறலாம். ஒன்றுக்காக மற்றதைக் குறைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஒட்டுதல் எப்படி விலகலுக்கு இடம் கொடுக்கிறது என்பதைச் சாலமன் ஆஷ் 1950களில் நடத்திய சோதனைகள் மிகத் தெளிவாகக் காட்டுகின்றன. அவற்றைப் பெரும்பாலும் பாதிதான் நினைவில் வைத்திருக்கிறோம். ஒரு கோட்டைக் காட்டி, வேறு மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று கேட்டார்கள். தனியாகக் கேட்டால் அநேகமாக யாரும் தவறு செய்யாத கேள்வி. அறையில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் ஆய்வாளரின் ஆட்கள். முன்கூட்டியே பேசிவைத்தபடி ஒரே தவறான விடையைச் சொன்னார்கள். உண்மையில் சோதிக்கப்பட்ட மாணவர் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான முறை தன் கண்ணை விட்டுவிட்டு மற்றவர்களின் பக்கம் சாய்ந்தார். பாடநூல்கள் இதோடு நிறுத்திக்கொள்கின்றன. ஆஷ் நிறுத்தவில்லை. அறையில் இருப்பவர்களில் ஒரே ஒருவரைச் சரியான விடை சொல்லவைத்தார். சாய்வு நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. அந்த ஒருவர் பெரும்பான்மையை விடவும் மோசமான தவறைச் சொன்னபோதும் சாய்வு குறைந்தது. பிற்பாடு வெர்னான் ஆலனும் ஜான் லெவினும் 1971இல் வெளியிட்ட ஆய்வில், கனமான கண்ணாடி போட்ட, பார்வை சரியில்லாத ஒருவர் மாறுபட்டுச் சொன்னாலும்கூட, அவருடைய விடையை நம்ப முகாந்திரமே இல்லாதபோதும், மற்றவர்க்குத் தைரியம் வந்தது.

ஆஷின் வேறு இரண்டு மாற்றங்கள் அதிகம் பேசப்படாதவை, ஆனால் அலுவலக வாழ்க்கைக்கு மிக நெருக்கமானவை. ஒன்றில், துணையாக இருந்தவர் பாதியில் கட்சி மாறிப் பெரும்பான்மையோடு சேர்ந்துகொண்டார். உடனே மாணவரின் தவறுகள், துணையே இல்லாதவரின் அளவுக்கு ஏறிவிட்டன. மற்றொன்றில், துணை ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லி அறையை விட்டுப் போனார். தவறுகள் கூடின, ஆனால் கட்சி மாறியபோது கூடிய அளவுக்கு இல்லை. கூட இருந்தவர் போய்விட்ட பிறகும் அவர் கொடுத்த பலம் ஓரளவு மிஞ்சியது. செர்ஜ் மொஸ்கோவிச்சி 1969இல் நடத்திய சோதனையும் இதே திசையில்தான் போகிறது. ஆறு பேர் கொண்ட குழுவில் இரண்டு பேர் நீல நிறப் படத்தைப் பச்சை என்று விடாமல் சொன்னபோது, மற்றவர்களின் விடைகளில் 8.42 சதவீதம் பச்சையாக மாறின. அவர்கள் முன்னுக்குப் பின் முரணாகச் சொன்னபோது 1.25 சதவீதம்தான். சிறுபான்மையின் விடாப்பிடியான உறுதிக்குச் சான்றாகவே இதைச் சொல்வார்கள், அது சரிதான். ஆனால் அந்தச் சிறுபான்மையில் இருந்தவர்கள் இரண்டு பேர் என்பதை மறந்துவிடக் கூடாது. தனி ஆளின் வீரமாக நாம் கொண்டாடுவதன் அடியில் பெரும்பாலும் இரண்டு பேர் கொண்ட ஒரு சிறு வட்டம் இருக்கிறது.

அந்த வட்டம் அறைக்குள் இருக்க வேண்டும், அறைக்கு வெளியே இருந்து பயனில்லை. 1935 ஜனவரி 11ஆம் தேதி லண்டனில் ராயல் வானியல் சங்கக் கூட்டத்தில் 24 வயது சுப்பிரமணியன் சந்திரசேகர், ஒரு குறிப்பிட்ட நிறைக்கு மேற்பட்ட விண்மீன் வெண்குறுமீனாக முடிய முடியாது என்பதற்கான தன் கணக்கை முன்வைத்தார். அதே கூட்டத்தில் ஆர்தர் எடிங்டன் எழுந்து அதைப் புறந்தள்ளினார். அன்றைய வானியலில் எடிங்டனின் பெயருக்கு இருந்த கனம் அப்படிப்பட்டது, அறையில் யாரும் இளைஞருக்காகப் பேசவில்லை. சந்திரசேகருக்கு ஆதரவே இல்லாமல் இல்லை. அவர் தன் நண்பர் லியோன் ரோசன்ஃபெல்டுக்கு எழுதினார்; இயற்பியலாளர்கள் நீல்ஸ் போரும் வொல்ஃப்காங் பௌலியும் எடிங்டன் தவறு என்றே கருதினார்கள். ஆனால் அதை வெளிப்படையாக எழுதிக் கொடுக்க அவர்கள் முன்வரவில்லை. தனிக் கடிதத்தில் கிடைத்த ஆதரவு, ஆஷின் அறையில் ஒரு மாணவருக்குக் கிடைத்த துணையின் அளவுக்குக்கூட உதவவில்லை. சந்திரசேகர் 1937இல் அமெரிக்காவுக்குப் போனார், 1939இல் தன் நூலில் அந்த வேலையைத் தொகுத்து வைத்துவிட்டு வேறு துறைக்கு நகர்ந்தார். நோபல் பரிசு 1983இல் வந்தது. அவர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, ஆராய்ச்சியையும் கைவிடவில்லை. ஆனால் அவர் அப்போது இருந்த கேம்பிரிட்ஜில் அவருக்கு இருந்த உறவுகள், இவ்வளவு பெரிய மாறுபாட்டைத் தாங்கும் நெருக்கம் கொண்டவையாக இல்லை. இந்த இழப்பில் அவருக்கு நேர்ந்ததைவிட வானியலுக்கு நேர்ந்ததே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதுவரை இடத்தைப் பற்றிப் பேசினோம். காலமும் ஒரு பங்கு வகிக்கிறது. எட்வின் ஹாலண்டர் 1958இல் ஒரு விளக்கம் கொடுத்தார். ஒருவர் குழுவின் வழக்கங்களைப் பின்பற்றித் தன் திறமையையும் காட்டும்போது மற்றவர்களின் மனதில் அவர் பெயரில் ஒரு கணக்கு திறக்கப்பட்டு வரவு வைக்கப்படுகிறது. பின்னால் வழக்கத்தை மீறும்போது அந்த வரவிலிருந்து செலவு செய்கிறார். 1960இல் வெளியான சோதனையில், தொடக்கத்திலேயே குழுவின் நடைமுறைகளை மீறியவரையும், முதலில் அனுசரித்துப் பிறகு மீறியவரையும் ஒப்பிட்டார். இருவரும் ஒரே அளவு திறமை காட்டியும், முதலில் அனுசரித்தவரின் சொல்லுக்கே செல்வாக்கு அதிகம். மின்னஞ்சல் ஆய்வுக் குழு அதே நிறுவனத்தின் தரவுகளைக் கொண்டு 2018இல் வெளியிட்ட இன்னொரு கட்டுரை இதோடு அழகாகப் பொருந்துகிறது. சேர்ந்த முதல் நாளில் ஒருவர் எவ்வளவு பொருத்தமாக இருக்கிறார் என்பதைவிட, ஆரம்ப மாதங்களில் எவ்வளவு வேகமாக நிறுவனத்தின் நடையைக் கற்றுக்கொள்கிறார் என்பதே அவர் நீக்கப்படுவாரா என்பதைக் காட்டியது. நீக்கப்பட்டவர்கள் அந்த நடையை எட்டவே இல்லை. தாங்களாக வேலையை விட்டுப் போனவர்களின் பாதை வேறு: முதலில் நன்றாக ஒட்டினார்கள், பிறகு ஒரு கட்டத்தில் அவர்களுடைய மொழி மெல்ல விலகத் தொடங்கியது. ராஜினாமாக் கடிதம் எழுதுவதற்கு வெகு முன்பே அவர்களுடைய மற்றக் கடிதங்கள் அதைச் சொல்லிவிட்டன.

மனிதர்களை விட்டுவிட்டு அவர்கள் உருவாக்கும் கருத்துகளைப் பார்த்தாலும் இதே அமைப்புத் தென்படுவது என்னை மிகவும் ஈர்த்த விஷயம். பிரையன் உஸ்ஸியும் அவருடைய சகாக்களும் 2013இல் 1 கோடியே 79 லட்சம் அறிவியல் கட்டுரைகளின் மேற்கோள் பட்டியல்களை ஆராய்ந்தார்கள். ஒரு கட்டுரை எந்தெந்த இதழ்களைச் சேர்த்து மேற்கோள் காட்டுகிறது என்பதிலிருந்து, அது வழக்கமான அறிவையே கோத்திருக்கிறதா, யாரும் சேர்த்துப் பார்க்காத விஷயங்களை இணைக்கிறதா என்று கணக்கிட முடியும். முற்றிலும் வழக்கமான கட்டுரைகள் பெரிதாகப் பேசப்படவில்லை. முற்றிலும் புதுமையான கட்டுரைகளும் பேசப்படவில்லை. பெரும்பகுதி மிகமிக வழக்கமானதாக இருந்து, ஓரத்தில் ஒரு சிறு பகுதி மட்டும் மிகப் புதிய சேர்க்கையாக அமைந்த கட்டுரைகளுக்கே மற்றவற்றைப்போல இருமடங்கு வாய்ப்பு, தங்கள் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளாக மாற. இது நடுப்புள்ளி அன்று. ஓரளவு புதுமையும் ஓரளவு பழமையும் கலந்த மிதமான கலவை இந்தப் பலனைத் தரவில்லை. ஆழமான வழக்கமும் தீவிரமான புதுமையும் ஒரே கட்டுரையில் அருகருகே இருந்தாக வேண்டும். 1687இல் வெளியான நியூட்டனின் ‘பிரின்சிபியா’ புதிய இயற்பியலைப் பெரும்பாலும் பழைய வடிவியலின் மொழியில்தான் சொல்கிறது. 1859இல் டார்வின் இயற்கைத் தேர்வை விளக்க எழுதிய நூலின் முதல் அத்தியாயம் புறா வளர்ப்பவர்களும் கால்நடை வளர்ப்பவர்களும் நன்கறிந்த விஷயங்களிலிருந்து தொடங்குகிறது. அவர்கள் தங்கள் கருத்தை மென்மையாக்கிக்கொள்ளவில்லை. கருத்து போய்ச் சேர வேண்டிய வாசகர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த தரையில் தாங்களும் நின்றுகொண்டு அதைச் சொன்னார்கள்.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவை சில உண்டு, அவை கனமானவை. முதலாவது, காரண காரியம் பற்றியது. மின்னஞ்சல் ஆய்வு ஒரே நிறுவனத்தைப் பற்றியது. யாரையும் வேண்டுமென்றே ஒட்டவைத்தோ விலக்கியோ சோதித்துப் பார்த்தது அல்ல. நன்றாக வேலை செய்கிறவரிடம் மற்றவர்கள் இயல்பாகவே நட்பாகப் பேசலாம், அதனால் மொழி ஒத்துப்போகலாம். முன்னேற்றம் முதலில் வந்து பொருத்தம் பின்னால் வந்திருக்கலாம். இதை முழுதாக மறுக்க முடியாது. ஆனால் என் வாதம் அந்த ஒரு ஆய்வின் மீது நிற்கவில்லை. ஆஷின் அறையில் யாருக்குத் துணை, யாருக்கு இல்லை என்பதை ஆய்வாளரே தீர்மானித்தார்; ஹாலண்டரின் சோதனையில் எப்போது மீறுவது என்பதையும் ஆய்வாளரே தீர்மானித்தார். அங்கே காரணம் எது, விளைவு எது என்பதில் குழப்பம் இல்லை. செயற்கையான சோதனையில் காரணம் தெளிவாகத் தெரிகிறது, உண்மையான அலுவலகத்தில் அதே வடிவம் பெரிய அளவில் தெரிகிறது. இரண்டும் ஒரே பக்கம் கைகாட்டும்போது அதை நம்புவதற்கு நியாயம் இருக்கிறது.

இரண்டாவது எதிர்வாதம், இவை எல்லாம் மேலைநாட்டு ஆய்வுகள் என்பது. ராட் பாண்டும் பீட்டர் ஸ்மித்தும் 17 நாடுகளில் ஆஷின் முறையில் நடந்த 133 ஆய்வுகளைத் தொகுத்து 1996இல் வெளியிட்டபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. அமெரிக்காவில் 1950களுக்குப் பிறகு இந்தச் சாய்வு குறைந்துகொண்டே வந்திருக்கிறது; குழு உறவுக்கு முதன்மை கொடுக்கும் சமூகங்களில் அது அதிகமாக இருக்கிறது. ஆக, எண்கள் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறுகின்றன. அதனால் என் வாதம் நம் சூழலில் பலவீனப்படுகிறதா? வலுப்படுகிறது என்றே நினைக்கிறேன். மேலதிகாரியின் முன் மறுத்துப் பேசுவது விலை உயர்ந்ததாக இருக்கும் அலுவலகத்தில், மறுப்பவருக்கு முன்கூட்டியே வேண்டியிருக்கும் நெருக்கமும் அதிகம். கூட்டத்தில் மாற்றுக் கருத்து சொல்ல வேண்டுமென்றால் அதற்கு முன்பே ஒருவரிடமாவது பேசி அவர் ஆதரவை உறுதிப்படுத்திக்கொள்வதைச் சிலர் அரசியல் என்று இகழ்வார்கள். ஆஷின் சோதனைகளைப் படித்தவர் அப்படி இகழ மாட்டார்.

மூன்றாவது எதிர்வாதமே எனக்கு மிக முக்கியமாகப் படுவது. ‘கல்ச்சர் ஃபிட்’ என்ற பெயரில் யாரை உள்ளே விடுகிறார்கள், யாரை வெளியே நிறுத்துகிறார்கள்? லாரன் ரிவேரா அமெரிக்காவின் உயர்மட்ட வங்கிகள், சட்ட நிறுவனங்கள், ஆலோசனை நிறுவனங்கள் ஆகியவற்றில் ஆளெடுக்கும் 120 பேரிடம் பேசி 2012இல் எழுதிய ஆய்வில், நேர்காணல் கட்டத்தில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பண்பாட்டுப் பொருத்தத்தையே முதல் தகுதியாக வைத்திருந்தார்கள். அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்றால், விண்ணப்பதாரர் எந்த விளையாட்டு விளையாடுகிறார், விடுமுறையை எப்படிக் கழிக்கிறார் என்பதிலிருந்து. அவை வேலைக்குத் தேவையான பண்புகள் அல்ல, வளர்ந்த வீட்டின் வசதி. நம் நாட்டில் வாசல் இன்னும் முன்பே சாத்தப்படுகிறது. சுக்தேவ் தோராட்டும் பால் அட்டேவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு வெவ்வேறு பெயர்களில் 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. ஒரே தகுதி காட்டியவற்றில், உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்புவிகிதத்தை ஒன்று என்று வைத்தால், தலித் பெயருக்கு அது 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. அழைப்பு வராதவர்களுக்கு அலுவலகத்துக்குள் கால் வைத்து ஒட்டவோ விலகவோ வாய்ப்பே இல்லை. உள்ளே போனாலும், எண்ணிக்கையில் மிகக் குறைவாக இருப்பவர்களுக்குத் தனித்துத் தெரிவது தாங்கள் தேர்ந்தெடுத்தது அல்ல என்பதை ரோசபெத் மாஸ் கேன்டர் 1977இலேயே காட்டினார். ஆண்கள் நிறைந்த குழுவில் இருக்கும் ஒரே பெண்ணின் சிறு பிழையும் எல்லோர் கண்ணிலும் படுகிறது, அவருடைய பாலினத்துக்கே உரிய பிழையாகவும் எழுதப்படுகிறது. மற்றவர்களுக்குச் சும்மா கிடைக்கும் பொருத்தத்துக்கு இவர்கள் தினமும் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. தனி மனிதர் எதில் ஒட்ட வேண்டும், எதில் விலக வேண்டும் என்று கட்டுரை எழுதினால் இந்தச் சமமின்மை தீர்ந்துவிடாது.

ஆகவே, கேள்வியைத் தனி மனிதரிடமிருந்து நிறுவனத்தின் பக்கம் திருப்ப வேண்டியிருக்கிறது. அங்கே நமக்கு ஜேம்ஸ் மார்ச் 1991இல் உருவாக்கிய ஒரு கணினி மாதிரி உதவுகிறது. அந்த மாதிரியில் ஒரு நிறுவனம் இருக்கிறது. அதற்கென்று சில நம்பிக்கைகள் இருக்கின்றன. ஊழியர்கள் நிறுவனத்தின் நம்பிக்கைகளைக் கற்றுக்கொள்கிறார்கள். நிறுவனமும் தன்னைவிடச் சரியாக அறிந்திருக்கும் ஊழியர்களிடமிருந்து கற்றுக்கொள்கிறது. ஊழியர்கள் எல்லோரும் வேகமாகக் கற்றுக்கொண்டால் என்ன ஆகிறது? சீக்கிரமே எல்லோரும் ஒரே மாதிரி நினைக்கிறார்கள், நிறுவனம் கற்றுக்கொள்ள வேறு எதுவும் மிச்சமில்லை. அறிவு குறைவான ஒரு நிலையில் எல்லாம் உறைந்துவிடுகிறது. மெதுவாக ஒட்டுகிறவர்கள் சிலர் இருந்தால் மாறுபட்ட நம்பிக்கைகள் நீண்ட காலம் உயிரோடு இருக்கின்றன, நிறுவனம் அவற்றிலிருந்து உண்மைக்கு நெருக்கமாக நகர்கிறது. புதிதாகச் சேர்கிறவர்களும் இப்படித்தான் பயன்படுகிறார்கள்: அவர்கள் சராசரியாகத் தாங்கள் வந்த இடத்தில் முன்பு இருந்தவர்களைவிடக் குறைவாகவே அறிந்தவர்கள், ஆனாலும் அவர்களுடைய மாறுபாடு நிறுவனத்தின் அறிவைக் கூட்டுகிறது. இதில் ஒரு கசப்பு இருக்கிறது. மெதுவாக ஒட்டுகிறவர் நிறுவனத்துக்குக் கொடுக்கும் பலனைப் பெரும்பாலும் வேகமாக ஒட்டியவர்களே அனுபவிக்கிறார்கள்.

மார்ச்சின் மாதிரியையும் 2018 மின்னஞ்சல் ஆய்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறுவனத்துக்கு மெதுவாக ஒட்டும் ஊழியர்கள் தேவை என்று ஒன்று சொல்கிறது. நிஜ நிறுவனம் அப்படிப்பட்டவர்களைத்தான் வெளியே அனுப்பியது என்று மற்றது சொல்கிறது. ஆறு மாதத் தகுதிகாண் காலம் வைத்து, அதன் முடிவில் ‘டீமோடு ஒட்டுகிறாரா’ என்ற ஒரு கட்டத்தையும் வைத்திருக்கும் எந்த நிறுவனமும் இந்த முரண்பாட்டுக்குள்தான் இருக்கிறது. அந்த ஒற்றைக் கட்டத்தில் இரண்டு வெவ்வேறு கேள்விகள் கலந்துகிடக்கின்றன: சகாக்களுக்கு உதவுகிறாரா, அவர்களிடம் உதவி கேட்கிறாரா, சொன்ன வேலையைச் சொன்ன நாளில் முடிக்கிறாரா என்பது ஒன்று, சகாக்களைப்போலப் பேசுகிறாரா, சாப்பிடுகிறாரா, சிரிக்கிறாரா என்பது இன்னொன்று. முதல் கேள்வி நெருக்கத்தைப் பற்றியது, வேலைக்கு அவசியமானது, யாரும் கற்றுக்கொள்ளக் கூடியது. இரண்டாவது கேள்வி தோற்றத்தைப் பற்றியது; அதற்குக் கொடுக்கும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் நிறுவனம் கற்றுக்கொள்ளக்கூடிய ஒன்றை வெளியே தள்ளுகிறது, பிறப்பால் கிடைத்த வசதிக்குச் சம்பளமும் கொடுக்கிறது. மதிப்பீட்டுப் படிவத்தில் இந்த இரண்டையும் பிரித்துவிட்டு இரண்டாவதை நீக்குவது பெரிய செலவு பிடிக்கும் சீர்திருத்தம் அல்ல. கூட்டங்களில் மாற்றுக் கருத்து வந்தவுடன், அதை ஏற்காதவர்கள்கூட அது ஏன் சரியாக இருக்கலாம் என்று ஒரு காரணமாவது சொன்ன பிறகே முடிவெடுப்பது என்ற விதியும் அப்படித்தான்: பேசுகிறவருக்குத் துணை தேடிக்கொள்ளும் சுமையை அது அவர் தோளிலிருந்து இறக்கி, மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் எல்லோருக்கும் பகிர்ந்து கொடுக்கிறது.